தூத்துக்குடியா, மணப்பாடா? - ஒரு வியாபாரியின் குடியிருப்புக் கணக்கு



கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த பிறகு எங்கே போய் இருப்பது என்ற கேள்வி நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. "அண்ணாச்சி, கடற்கரைப் பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறேன், வாங்கலாமா?" என்று என்னிடமே நாலைந்து பேர் யோசனை கேட்டார்கள். யோசனை சொல்லும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பள்ளிப் படிப்போடு 1977-இல் என் தகப்பனாரின் கிட்டங்கிக்குள் நுழைந்தவன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. லாபமும் நஷ்டமும் சேர்ந்த அனுபவம். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கேள்வி எழுந்த நாள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் பதிவானது. சாதாரணமாக ஒரு வருடத்தில் நம் பக்கம் பெய்கிற மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தாமிரபரணி கரை தாண்டியது. சாலைகள் அறுந்தன.

எங்கள் கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீர். தரையோடு அடுக்கியிருந்த சீனி கரைந்து போனது. துவரம்பருப்பும் உளுந்தும் ஊறி மூட்டை வெடித்தது. மேல் அடுக்கில் இருந்த மிளகாய் வத்தல் மட்டும் பிழைத்தது. இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் சரக்கின் மதிப்பை நாலு வருடத்துக்கு முந்தைய கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்தேன். கிடைத்த தொகையும் அதற்குத் தக்கபடி குறைந்தது. பிழை என்னுடையதுதான்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். நகருக்கு வெளியே புதிதாக உருவான பகுதி ஒன்றில் 14 வருடமாகக் குடியிருந்தோம். மாடியில் நானும் என் மனைவியும் மூன்று பகல், மூன்று இரவு. மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டு மாடியிலும் ஒரு குடும்பம் நின்றது. அவர்களும் கை காட்டினார்கள், நாங்களும் கை காட்டினோம். அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெயர் அவர்களுக்கும் தெரியாது.

தண்ணீர் வடிந்த நாலாம் நாள் என் மனைவி சொன்னாள்: "இனி எனக்கு இந்த ஊர் வேண்டாங்க. எங்க அம்மா வீடு மணப்பாட்டுல பூட்டித்தானே கெடக்கு. அங்க போயிருவோம்."

தூத்துக்குடியின் பக்கம்

எனக்கு உடனே சம்மதம் சொல்ல வாய் வரவில்லை. தூத்துக்குடி எனக்கு வெறும் ஊர் இல்லை. சோறு போட்ட ஊர்.

இது முத்துக்குளித்த துறை. போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1825-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. வந்தவர் எல்லாரும் இந்தத் துறையில் நடந்த வியாபாரத்துக்காகத்தான் வந்தார்கள். 1876-இல் ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறிக் கொழும்பு போவது ஒரு காலத்து வழக்கம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஏற்பட்ட பிறகு அந்தக் கூட்டம் திசை மாறியது. ஆங்கிலேயக் கப்பல் கம்பெனிக்கு எதிராக 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இங்கேதான். பங்குப் பணம் திரட்டிக் கப்பல் வாங்கிய அவருடைய பெயரைத்தான் துறைமுகத்துக்கு 2011-இல் சூட்டினார்கள். 1974-இல் பெரிய துறைமுகம் என்று அறிவித்தார்கள். 1986-இல் தனி மாவட்டம், 2008-இல் மாநகராட்சி.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் பழைய துறைமுகத்தில் கொழும்புக்குப் போகும் தோணிகள் வரிசையாக நிற்கும். வெங்காய மூட்டையும் வத்தல் மூட்டையும் ஏறும். தோணி கிளம்பும் நாளைப் பொறுத்துத்தான் பஜாரில் வெங்காயத்தின் விலை. காலையில் கடலைப் பார்த்துவிட்டு வந்துதான் என் தகப்பனார் விலை சொல்லுவார்.

பட்டணத்தின் வசதிகளை அடுக்கிச் சொல்லத் தேவையில்லை. பாங்க், ஆடிட்டர், மருத்துவக் கல்லூரி, இரவு முழுவதும் திறந்திருக்கும் மருந்துக் கடை எல்லாம் உண்டு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது.

குறைகளும் உண்டு. லாரிகளின் நெரிசல், புகை, வெயில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. அந்த நாட்களில் கரையோரத் தெருக்களின் பலசரக்குக் கடைகளில் கடன் நோட்டு தடித்துவிடும். அந்தக் கடைக்காரர் நமக்குத் தரவேண்டிய பாக்கியும் கூடவே தடிக்கும். இதெல்லாம் பழகிய குறைகள். வெள்ளம் காட்டிய குறை வேறு. அதை முன்பே சொல்லிவிட்டேன்.

மணப்பாட்டின் பக்கம்

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டர், தூத்துக்குடியிலிருந்து சுமார் 60. மணல் குன்று கடலுக்குள் நீண்டிருக்கும். அதன் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகையும் அங்கே இருக்கிறது. கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கிராமம் என்றாலும் வியாபாரம் தெரிந்த கிராமம். பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவார்கள். பக்கத்து உடன்குடியில் கருப்பட்டி. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நம் உறுப்பினர்களுக்குத் தெரிந்ததே. அடுத்த ஊரான குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அன்று முதல் சுற்றுப்புற நில விலை பேச்சில் ஏறிக்கொண்டிருக்கிறது.

என் மனைவியின் தாயார் வீடு அங்கே சுண்ணாம்புச் சுவரும் தேக்குக் கதவுமாக இருந்தது. மாமியார் காலமான பிறகு பூட்டியே கிடந்தது.

சாம்பிள் பார்த்தோம்

நாம் யாரும் சாம்பிள் பார்க்காமல் மூட்டை எடுப்பதில்லை. மேல் வாயில் நல்ல பருப்பு இருக்கும். குத்தூசியை அடிவயிற்றில் விட்டு எடுத்தால்தான் உண்மை தெரியும். ஊருக்கும் அதே முறைதான் என்று முடிவு செய்தேன். தூத்துக்குடி வீட்டை விற்கவில்லை, பூட்டினோம். 2024 ஜூன் மாதம் இரண்டு பெட்டியோடு மணப்பாடு போனோம். ஆறு மாதம் இருந்து பார்ப்பது, பிறகு பேசுவது என்று ஒப்பந்தம்.

முதல் மாதம் கச்சான் காற்று. சோற்றுத் தட்டு வரை மணல் வந்தது. ஜன்னல் கம்பியும் கேஸ் அடுப்பும் ஒரே மாதத்தில் துருப்பிடித்தன. ஆனால் எனக்கு இரவில் தூக்கம் வந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் தூங்கினேன். விடியற்காலையில் கரைக்குப் போனால் வள்ளங்கள் வந்து சேரும். சாளையும் விளமீனும் கூறு போடுவார்கள். "மாப்பிள்ளை வந்திருக்காக, நல்லதாப் பாத்துக் குடு" என்பார் ஒரு பெரியவர். எனக்கு வயது 66. அந்த ஊருக்கு நான் இன்னும் மாப்பிள்ளைதான்.

செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வெளியூரில் இருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். பூட்டிய வீடுகள் திறந்தன. தெரு முழுக்க விளக்கு, பேச்சு, சிரிப்பு. மறுவாரமே கதவுகள் மூடிக்கொண்டன. என் மனைவியோடு படித்த பெண்கள் சென்னையிலும் மும்பையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். "நான் நெனச்சுட்டு வந்த ஊரு திருவிழாவுக்கு மட்டுந்தான் வருது" என்று ஒரு நாள் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

ஒரு பலசரக்குக் கடையில் கற்றது

தெருமுனையில் ஒரு பலசரக்குக் கடை. இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர். இத்தனை வருடம் அவரை நான் சிட்டையில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது பையைத் தூக்கிக்கொண்டு கால் கிலோ துவரம்பருப்பு வாங்கப் போனேன். அவருக்குக் கூச்சம். "அண்ணாச்சி, பணம் எதுக்கு?" என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன். பிறகு தினமும் மாலையில் அவர் கடை ஸ்டூலில் உட்காருவது வழக்கமானது.

மழைக்காலம் வந்தால் அவர் பத்து நாள் சரக்கு வாங்கி அடுக்குவார். "பணத்தை ஏன் முடக்குகிறீர், லாரிதான் வாராவாரம் வருகிறதே" என்று போனில் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். 2023 வெள்ளத்தில் சாலை அறுந்து லாரி வராத நாட்களில் அந்தச் சரக்குதான் தெருவுக்குச் சோறு போட்டது. வீட்டுக்கு ஒரு கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு என்று அளவு வைத்தார். விலையில் ஒரு ரூபாய் ஏற்றவில்லை. எல்லாம் நோட்டில் எழுதினார். பொங்கலுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பாக்கியும் வந்து சேர்ந்துவிட்டதாம். நான் என் கிட்டங்கியில் மூட்டைகள் கரைவதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் இதைச் செய்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மொத்த வியாபாரிகள் படிக்க வேண்டும். ஒரு நாள் எங்கள் லாரியில் வந்த 50 கிலோ பருப்பு மூட்டையை என் கண்முன்னே அவர் எடை போட்டார். 400 கிராம் குறைவு. "எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "முந்நூறு, நானூறு குறையும் அண்ணாச்சி. ஏத்தி இறக்குறதுல சிந்தும்னு விட்டுருவேன்" என்றார். இருபது வருடம், வாராவாரம். நாங்கள் வேண்டுமென்று குறைத்ததில்லை. மில்லிலிருந்து வந்த மூட்டையை எடை போடாமல் அப்படியே அனுப்பினோம், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு இரண்டும் ஒன்றுதானே? அன்று இரவே மகனிடம் பேசினேன். இப்போது எங்கள் கிட்டங்கியிலிருந்து எடை போடாத மூட்டை வெளியே போவதில்லை. பழைய பாக்கிக்கு ஈடாக அவருக்கு இரண்டு மூட்டை வரவு வைக்கச் சொன்னேன். அவர் ஏற்க மறுத்தார்; என் மனைவி சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

நவம்பர் மாதத்து இரவு

ஐந்து மாதம் முடிந்திருந்தது. இங்கேயே இருந்துவிடலாம் என்று என் மனதில் முக்கால் பங்கு முடிவாகியிருந்தது. நவம்பரில் ஒரு இரவு, மணி ஒன்று இருக்கும். என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது, இடது கை வலி.

நான் தெருவில் இறங்கி ஒரு சத்தம்தான் போட்டேன். ஆறு வீட்டுக் கதவு திறந்தது. கடலுக்குப் போக எழுந்திருந்த பையன்கள் "அத்தைக்கு என்ன மாமா?" என்று ஓடி வந்தார்கள். ஒருவன் மீன் ஏற்றும் வேனைக் கொண்டுவந்தான். இன்னொருவன் ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டுப் பாயும் தலையணையும் போட்டான். நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். திருச்செந்தூரில் முதலுதவியும் ஊசியும். அங்கிருந்து ஆம்புலன்சில் தூத்துக்குடி. சேர்த்தபோது மணி மூன்றரை. காலையில் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் கஷ்டம்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நினைப்பு வந்து என்னை உலுக்கியது. நாங்கள் வந்த சாலை, முந்தைய டிசம்பரில் அறுந்துபோன அதே சாலை. மழை ஒரு வருடம் தள்ளிப் பெய்திருந்தால்?

முடிவு

அவள் தேறிய பிறகு பேரேட்டைப் போல இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தோம். மணப்பாட்டில் கூப்பிட்டால் ஆள் உண்டு, ஆஸ்பத்திரி தூரம். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரி பக்கம். கூப்பிட ஆள் இல்லை. இரண்டு பக்கமும் சரியாக நின்றது.

என் மனைவிதான் கணக்கை முடித்தாள். "தூத்துக்குடியில ஆளு இல்லன்னு யாரு சொன்னா? நாமதான் ஆளு இல்லாத இடமாப் பாத்து வீடு கட்டுனோம்" என்றாள்.

உண்மைதான். என் தகப்பனார் பஜாரை ஒட்டிய தெருவில்தான் இருந்தார். நாலு படி ஏறிப் போகும் திண்ணை வீடு. கொஞ்சம் காசு சேர்ந்ததும் கார் நிறுத்த இடமில்லை, சத்தம் அதிகம் என்று சொல்லி, மனைப்பிரிவில் பெரிய வீடாகக் கட்டிக்கொண்டு போனது நான். மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் மனை போட்டதையும் பார்க்கவில்லை, பக்கத்தில் யார் என்பதையும் பார்க்கவில்லை. சதுர அடி விலையை மட்டும் பார்த்தேன். அப்படியே 14 வருடம் இருந்துவிட்டு, ஊரின் மேல் பழி போட்டேன்.

2025 ஜனவரியில் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பழைய ஊருக்குள் பஜாரை ஒட்டிய ஒரு தெருவில் சின்ன வீடு பிடித்தோம். தரையிலிருந்து நாலு படி உயரம். முதல் வாரமே என் மனைவி தெருவில் பத்து வீட்டுக்குப் போய் வந்துவிட்டாள். மணப்பாட்டில் இருந்தவள் அல்லவா, அந்தப் பழக்கம் திரும்பி வந்துவிட்டது. பனிமய மாதா கோயில் மணி கேட்கிறது. முனையில் பலசரக்குக் கடை. அங்கும் எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு. ஆஸ்பத்திரி பத்து நிமிடம்.

மணப்பாட்டு வீட்டைப் பலர் நல்ல விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. தரை உயர்ந்த முன்னறை இரண்டையும் அந்தக் கடைக்காரருக்கு மழைக்காலச் சரக்கு வைக்க விட்டிருக்கிறோம். வாடகை, வருடத்துக்கு ஒரு சிப்பம் உடன்குடிக் கருப்பட்டி. செப்டம்பரில் திருவிழாவுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வருகிறோம்.

உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்

1. குடிபோக நினைக்கும் ஊரில், வாங்குவதற்கு முன் ஒரு காற்றுக்காலமும் ஒரு மழைக்காலமும் வாடகைக்கு இருந்து பாருங்கள். திருவிழா நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

2. அந்த வீட்டிலிருந்து இரவு ஒரு மணிக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி வரை வண்டியில் போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். வேறு வழிச் சாலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. கடலோர மனைக்கு வில்லங்கச் சான்று மட்டும் போதாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டத்தின்படி அங்கே கட்டிடம் கட்ட அனுமதி உண்டா என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1991 முதல் இருக்கும் கட்டுப்பாடு இது. ராக்கெட் தளம் வருகிறது என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

4. கிட்டங்கியில் மூட்டைகளைத் தரையில் அடுக்காதீர்கள். பலகைக் கட்டையாவது போடுங்கள். இன்சூரன்ஸில் சரக்கின் மதிப்பை வருடா வருடம் புதுப்பியுங்கள்.

5. மொத்த வியாபாரிகள் வருடத்தில் ஒரு வாரமாவது தங்கள் சில்லரை வாடிக்கையாளரின் கடையில் போய் உட்காருங்கள். அவர் எதிரிலேயே உங்கள் மூட்டையை எடை போட்டுப் பாருங்கள்.

துறைமுகப் பட்டணமா, கடலோரக் கிராமமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஊர்ப் பெயர் சாக்கின் மேல் குத்திய முத்திரை மாதிரி. உள்ளே இருக்கும் சரக்கு, நீங்கள் குடியிருக்கப்போகும் தெரு. அந்தத் தெருவில் நடுராத்திரியில் சத்தம் போட்டால் எத்தனை கதவு திறக்கும் என்று பாருங்கள். திறக்காது என்று தோன்றினால், அதற்கு முன் நீங்கள் எத்தனை கதவைத் தட்டியிருக்கிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். நான் 14 வருடம் ஒன்றைக்கூடத் தட்டவில்லை.